தொட்டிக்கு முன்னால் பதினாலு நிமிடம்

ஆட்களை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் பெருமையடித்திருக்கிறேன். (என் கணவர் சூசை அப்போதெல்லாம் வாய் திறக்காமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.) அந்த நம்பிக்கை ஒரு தபசுகால ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து பாதிரியாரான எங்கள் சுவாமி அறிவித்தல்கள் வாசிக்கும் ஐந்து நிமிடத்துக்குள் என்னை விட்டுப் போய்விட்டது. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழெட்டு வருடத்துக்கு முந்திய கதை. பேசாலையில் இருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் கரையோர ஊர் எங்களுடையது. கல்யாணத்துக்கு முன் நான் கொழும்பில் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில் நாலு வருடம் கடிதம் தட்டியவள். அந்தக் கொம்பனி மன்னார்ப் பக்கம் நண்டு வாங்கும் நிலையம் ஒன்று திறக்க நினைத்தபோது, அவர்களுக்கு ஞாபகம் வந்த ஒரே மன்னார்க்காரி நான்தான். நாலு வருடம் கடிதம் தட்டியவள் ஒரே நாளில் முகாமையாளர் ஆனாள். மேசை, சுழலும் கதிரை, அலுமாரி எல்லாம் வந்தன. முதல் இரண்டு நாளும் கதிரையில் சுழன்று பார்ப்பதே எனக்கு வேலை.

நண்டைத் தெரிந்தெடுத்து, கழுவி, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்க ஊர்ப் பெண்கள் இருபது பேரைச் சேர்த்தாயிற்று. பலருக்கு அதுதான் முதல் வேலை. ஆனால் கொம்பனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மூன்று மாதம் பார்ப்பார்களாம். நண்டு தரமாக வராவிட்டால் நிலையத்தைத் தூக்கிக்கொண்டு சிலாபப் பக்கம் போய்விடுவார்களாம். இருபது பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கதிரையைச் சுழற்றுவதை நிறுத்தினேன்.

எல்லாம் ஒரே ஒரு ஆளில் தங்கியிருந்தது. வாசலில் நின்று, வந்து இறங்கும் ஒவ்வொரு கூடையையும் பார்த்து, சின்ன நண்டு, முட்டை சுமக்கிற நண்டு, தண்ணி நண்டு மூன்றையும் திருப்பிக் கொடுத்து, எடுத்ததை வைக்கும் குளிர் அறையையும் பார்க்க வேண்டிய ஆள். (தண்ணி நண்டு என்றால் புதிதாக ஓடு மாற்றிய நண்டு. பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே தசை இராது. வயிற்றோட்டைப் பெருவிரலால் அமத்தினால் அமுங்கும்.) வேலை கடினமில்லை. ஆனால் எங்கள் ஊரில் கூடை கொண்டு வருகிற ஒவ்வொருவரும் யாருக்கோ மாமன், மச்சான், ஞானத்தகப்பன். அவர்கள் முகத்தைப் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அதுதான் சங்கடம்.

கொழும்பில் இருந்து பணிப்பாளர் போன் எடுத்தார்.

"பிலோமினா, வேலை தெரிஞ்ச ஆளை மட்டும் பார்க்காதீங்க. நல்ல குணமான ஆளாப் பாருங்க. வேலையை நாங்க பழக்கலாம்."

அவர் "மட்டும்" என்று சொன்னதை நான் கவனிக்கவில்லை. குணத்தைப் பார், திறமையை விடு என்று என் காதுக்கு வசதியான மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஆறு விண்ணப்பங்கள் வந்தன. ஐந்து எங்கள் ஊர், ஒன்று எருக்கலம்பிட்டி. எங்கள் ஊர் ஐந்து பேருக்கும் பங்குச் சுவாமி நற்சான்றிதழ் கொடுத்திருந்தார். ஐந்திலும் ஒரே வசனம்: "இவரை எனக்குத் தனிப்படத் தெரியும். நன்னடத்தை உடையவர். இவரது எதிர்காலம் சிறக்க ஆசீர்." பெயர்தான் வேறு. அதில் யூட் என்கிற பொடியனுடையதில் சுவாமியின் கையெழுத்தே இல்லை. கையெழுத்து வாங்கிக் கொண்டு வரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். (இந்தச் சின்ன விசயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை. "உங்களிட்ட உள்ள நல்ல குணம் என்ன?" என்பதுதான் நான் தயாரித்திருந்த மிகப் பயங்கரமான கேள்வி. மூன்று பேர் "நேர்மை" என்றார்கள். யூட் "எல்லாரோடயும் ஒத்துப்போவன், அக்கா" என்று சிரித்தான். கோயில் பாடகர் குழுவில் வாத்தியம் வாசிக்கிற பிள்ளை, ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவன், ஊரில் அவனைப் பிடிக்காத ஆளில்லை.

ஜெசிந்தா வந்தாள். முப்பது வயது. முருங்கனில் ஒரு நெல் ஆலையில் வேலை. விடிய வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறிப் போய், பொழுதுபட வந்து சேர்வாள். அவளுடைய மகள் பள்ளிக்கூடம் போவதையும் காண்பதில்லை, வருவதையும் காண்பதில்லை. ஊருக்குள் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றாள்.

"குளிர் அறை பார்த்த அனுபவம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. ஆலையில நான்தான் பாக்கிறனான்."

நெல் ஆலையில் எதற்குக் குளிர் அறை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் குணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக எருக்கலம்பிட்டி றிஸ்வான் தம்பி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போன குடும்பம், திரும்பி வந்தவர்கள். அங்கே மீன் குளிர்சாலையில் பல வருடம் வேலை செய்தாராம். அறையை எத்தனை பாகையில் வைக்க வேண்டும், கதவு ரப்பர் எப்போது மாற்ற வேண்டும் என்று விளக்கிக்கொண்டே போனார். எனக்குக் கொட்டாவி வந்தது. நல்ல பொடியன்தான், ஆனால் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று நினைத்தேன்.

பிறகு நேரே சுவாமியிடம் போனேன். எங்கள் பங்குச் சுவாமி வயதானவர், சாந்தமானவர். உயிர்த்த ஞாயிறு கழித்து நடக்கப்போகும் பங்கு விளையாட்டு விழாவைத் தவிர வேறு கவலை இல்லாதவர்.

"சுவாமி, இந்த அஞ்சு பேரில ஆர் நேர்மையான ஆள்?"

"எல்லாரும் நல்ல பிள்ளையள்."

"அது சரி சுவாமி. ஆனா உள்ளுக்கு இருக்கிறது உங்களுக்குத்தானே தெரியும்?"

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லேலாது, பிலோமினா. சொல்லக்கூடியது சேட்டிபிக்கற்றில இருக்கு."

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் என் மூளையில் விளக்கு எரிந்தது. சுவாமி சொல்ல முடியாது. ஆனால் மணிக்கூடு சொல்லலாமே! பாவம் கூடினவர், சுவாமியிடம் இரகசியமாகப் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் கனநேரம் நிற்பார். பாவம் குறைந்தவர் சட்டென்று வெளியே வருவார். யார் என்ன சொன்னார்கள் என்று ஒட்டுக்கேட்டால்தான் பாவம். நேரம் பார்ப்பதில் என்ன பாவம்? (நான் உள்ளே போனால் பத்து நிமிடம் ஆகும். அது நான் விவரமாகச் சொல்கிறவள் என்பதால் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.)

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். சுவாமி உள்ளே இருக்க நாங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பாவங்களைச் சொல்லும் அந்த மரக்கூண்டை எங்கள் ஊரில் தொட்டி என்போம். தொட்டிக்கு நேர் எதிரே, மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார இடம் பிடித்தேன். தலையில் முக்காடு, இடக்கையில் செபமாலை, முக்காட்டுக்குள்ளே வலக்கையில் போன். மடியில் செபப் புத்தகம், அதற்குள் ஒரு கடதாசித் துண்டும் பென்சிலும். வேலை தேடுகிற ஐந்து பேரும் அந்தக் கிழமை தவறாமல் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்தார்கள்.

முதல் ஆள் நாலு நிமிடம். அடுத்தவர் ஆறு. மூன்றாமவர் ஐந்து. யூட் போனான். நான் நேரத்தைத் தொடக்கி, செபமாலையில் இரண்டு மணி உருட்டவில்லை, வெளியே வந்துவிட்டான். ஒன்றரை நிமிடம்! முகத்தில் ஒரு களங்கம் இல்லை. எனக்கு மெய் சிலிர்த்தது.

"பிலோ, ஆக்கள் வெளியில வர வர நீ என்ன எழுதுறாய்?" பக்கத்தில் இருந்த மரியம்மா மெல்லக் கேட்டாள்.

"நேர்த்திக்கடன் ஒண்டு" என்றேன்.

"எங்களுக்கும் சேர்த்து எழுது" என்றாள், பக்தியோடு.

பிறகு ஜெசிந்தா. ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருவர் செருமினார். பத்தாவது நிமிடத்தில் உள்ளே இருந்து அவளுடைய குரல் ஒரு தரம் உயர்ந்து அடங்கியது. வார்த்தை விளங்கவில்லை. விளங்கக் கூடாது என்று நானும் அவசரமாக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன். வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. பதினாலு நிமிடம். அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

றிஸ்வான் தம்பிக்கு என்ன செய்வது? அவருக்கு ஏது தொட்டி? பெயரை எழுதி, பக்கத்தில் "நேரம் இல்லை" என்று போட்டேன். என் விஞ்ஞானத்தில் இருந்த ஓட்டை அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை யூட்டுக்கு நியமனக் கடிதம் கொடுத்தேன். "சந்தோசம் அக்கா" என்று இரண்டு கையாலும் வாங்கினான். கொழும்புக்குப் போன் எடுத்து, ஊரிலேயே பாவம் குறைந்த ஆளை எடுத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "நல்ல குணமான பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். செபப் புத்தகம் வீட்டில் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்தது. சுவாமி அறிவித்தல் வாசித்தார். திருமண அறிவித்தல் ஒன்று, சிரமதானம் ஒன்று. பிறகு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை இந்தச் செபப் புத்தகத்தை ஆரோ விட்டிட்டுப் போயிருக்கினம். பேர் இல்லை. உள்ளுக்கு ஒரு துண்டு இருக்கு. அதை வாசிச்சா ஆற்றை புத்தகமெண்டு தெரியும்."

நான் முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டேன்.

"எங்கட விளையாட்டு விழாவுக்கு ஓடிப் பழகின பட்டியல் போல இருக்கு" என்றார், முகம் மலர்ந்து. வாசித்தார். நாலு நிமிசம், ஆறு நிமிசம், ஐந்து நிமிசம். "யூட், ஒண்டரை நிமிசம். கெட்டிக்காரன்! ஜெசிந்தா, பதினாலு நிமிசம்." நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்: "பரவாயில்லைப் பிள்ளை, பங்கு பற்றினதே பெரிசு. றிஸ்வான், நேரம் இல்லை. அவர் ஓடேல்லைப் போல."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. றிஸ்வான் என்ற பெயர்தான் காட்டிக்கொடுத்தது. எங்கள் கோயில் பங்கில் றிஸ்வான் கிடையாது. நண்டு நிலையத்துக்கு விண்ணப்பித்த றிஸ்வானைத்தான் எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் இந்த ஆறு பேரும்... வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன் வாங்கில் ஒரு தலை திரும்பியது, பிறகு அடுத்த வாங்கு, பிறகு அதற்கு அடுத்தது. என் பக்கத்தில் மரியம்மா, "நேர்த்தி எண்டியே" என்றாள்.

இன்னும் தப்ப வழி இருந்தது. புத்தகத்தில் பெயர் இல்லை. நான் பேசாமல் இருந்தால் போதும். அப்போதுதான் ஆண்கள் பக்கத்தில் இருந்து என் கணவர் எழுந்தார். கோயிலுக்குள் செபத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"சுவாமி, அது எங்கட புத்தகம். அட்டை கழண்டு போக நான்தான் வலை நூலால கட்டினனான். பிலோ, உன்ரதானே?"

உதவி செய்கிறார் பாவி மனுசன்! நேரே நடந்து போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க என் கையில் தந்தார். சுவாமி துண்டை இன்னொரு தரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு அவசரமாக இறுதி ஆசீர் கொடுத்தார்.

கோயில் வாசலில் ஜெசிந்தா எனக்காகக் காத்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அக்கா, அந்தப் பதினாலு நிமிசம் என்னெண்டு சுவாமி சொல்லமாட்டார். நான் சொல்லலாம்தானே, என்ர பாவம்தானே. இன்ரவியூவில நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். நான் ஆலையில நெல்லு நிறுக்கிறனான். குளிர் அறையைக் கண்ணாலயும் கண்டதில்லை."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதைச் சொல்ல ஒரு நிமிசம் காணும். மிச்சப் பதின்மூண்டு நிமிசமும் சுவாமி, போய் உங்களிட்ட உண்மையைச் சொல்லு எண்டார். நான் ஏலாது எண்டு நிண்டனான். சொன்னா வேலை போயிடும், என்ர பிள்ளையை நான் எப்ப பாக்கிறது எண்டு கேட்டனான். அவர் விடேல்ல, நானும் விடேல்ல. கடைசியில அவர் சொன்னது சரி எண்டு பட்டுது, ஓம் எண்டிட்டன். நேற்று உங்களிட்ட வர வெளிக்கிட, யூட்டுக்குக் கடிதம் குடுத்தாச்சு எண்டு சொல்லிச்சினம். எண்டாலும் சொல்ல வேணும்தானே. சொல்லிட்டன்."

நான் அப்போது சொன்னதை எழுதக் கை கூசுகிறது. கோயிலுக்குள் நடந்தது வெறும் அவமானம். இதுதான் உண்மையில் வெட்கக்கேடு.

"அப்ப பொய் சொன்னனிதானே? என்ர கணக்குப் பிழையில்லையே!" என்றேன்.

"ஓம் அக்கா, பிழையில்லை" என்றுவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை யூட் வேலை தொடங்கினான். முதல் கூடை அவனுடைய மாமாவுடையது. நண்டைத் தூக்கி அமத்திப் பார்த்தான். வேலை தெரிந்தவன்தானே, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"மாமா, இது கொஞ்சம் தண்ணி போல..."

"என்னடா தம்பி, என்ர நண்டோ தண்ணி?"

"இல்லை மாமா, சும்மா சொன்னனான்" என்று உள்ளே போட்டான்.

அடுத்தது ஞானத்தகப்பன், அதற்கடுத்தது பாடகர் குழுத் தலைவரின் தம்பி. யாருடைய மனமும் நோகவில்லை. நிலையத்தில் அப்படி ஒரு சமாதானத்தை நான் கண்டதில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்களில் இருந்தும் கூடைகள் வந்தன. "யூட் நிக்கிறானாம்" என்று கரை முழுவதும் செய்தி போயிருந்தது. நான் கதிரையில் சுழன்றபடி, ஊர் என் நிலையத்தை எப்படி நேசிக்கிறது என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கொழும்பில் இருந்து இரண்டு பேர் சொல்லாமல் வந்து இறங்கினார்கள். ஒரு வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டியைத் திறந்து நண்டைப் புரட்டி, பெருவிரலால் அமத்தினார்கள். அமுங்கியது. அடுத்ததும் அமுங்கியது. மூன்றாவது நண்டின் வயிற்றில் முட்டை மஞ்சளாக அப்பிக்கிடந்தது. வேறு பெட்டி திறந்தார்கள், அதிலும் அதேதான். பெண்கள் இருபது பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்த வியாழன் திரும்ப வருவோம்" என்றார் ஒருவர், கையைத் துடைத்துக்கொண்டு. "இதே மாதிரி இருந்தா மூணு மாசம் எல்லாம் இல்ல மேடம். லொறியோடதான் வருவோம்."

அவர்கள் போனதும் யூட் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, என்னை விட்டிடுங்கோ. வேலை தெரியும். ஆனா ஒருத்தரையும் முகத்துக்கு நேர வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வராது. மூண்டு நாளா எனக்குச் சோறு இறங்கேல்ல."

"நல்ல பிள்ளை எண்டுதானேடா உன்னை எடுத்தனான்! ஒண்டரை நிமிசத்தில பாவசங்கீர்த்தனம் முடிச்ச ஆளெல்லோ?"

அவன் முழித்தான். "ஐயோ அக்கா, அண்டைக்கு நான் பாவசங்கீர்த்தனமே செய்யேல்ல. நீங்கள்தானே சேட்டிபிக்கற்றில கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னனீங்கள். அதைத்தான் கேட்டனான். விடியக் கந்தோருக்கு வா, அங்க கையெழுத்துப் போட்டுத் தாறன் எண்டு சுவாமி அனுப்பிட்டார்."

"அதுக்கு ஏன்டா வரிசையில நிண்டனி?"

"சுவாமியைப் பாக்க வெளியில நிண்டனான். வரிசையில இருந்த ஆக்கள் வா தம்பி, இதில வந்து நில்லு எண்டு கூப்பிட்டவை. வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல."

அவன் போன பிறகு நெடுநேரம் கதிரையைச் சுழற்றாமல் இருந்தேன். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருவனைத் தேடிப் பிடித்து, இல்லை என்று சொல்வதற்கென்றே உள்ள வேலையில் நிறுத்தியிருக்கிறேன். மறுபக்கத்தில் ஒருத்தி, சுவாமியோடு பதின்மூன்று நிமிடம் "ஏலாது" என்று நின்றவள். எங்கள் ஊரில் சுவாமிக்கு முன்னால் அரை நிமிடம் அப்படி நிற்கக்கூடிய ஆள் வேறு யார்? பெருநாள் சாப்பாட்டுப் பொறுப்பை எடுக்கச் சொல்லி அவர் கேட்டால், வசனம் முடிய முன்னமே நான் ஓம் என்றுவிடுவேன். அவளோ தனக்குச் சரியென்று பட்டபிறகுதான் ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு, வேலை கையை விட்டுப் போனது தெரிந்தும், கொடுத்த வாக்குக்காக என் முன்னால் வந்து உண்மையைச் சொன்னாள். நான் தேடிய குணம் கோயில் வாசலில் என் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறது. நான் அதற்குக் கணக்குக் காட்டியிருக்கிறேன்.

முதலில் எருக்கலம்பிட்டிக்குப் போனேன். பட்டியல் செய்தி அங்கேயும் போயிருந்தது. றிஸ்வான் தம்பி கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"எனக்கு மட்டும் ஏன் அக்கா நேரம் போடல்ல? எங்கட பள்ளிவாசல்ல தொட்டி இல்லத்தான். ஆனா நேர கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

ஆறு பேரையும் நேரே கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. குளிர் அறையைப் பொறுப்பெடுக்க முடியுமா என்று அப்போது நேரே கேட்டேன். ஓம் என்றார். கொழும்புக்குப் போன் எடுத்து, ஒருவருக்குப் பதிலாக இரண்டு பேர் வேண்டும் என்று கெஞ்சினேன்.

மாலை பஸ் வரும் நேரம் சந்தியில் போய் நின்றேன். ஜெசிந்தா தலைமயிரில் உமித் தூசியோடு இறங்கினாள்.

"பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள். வேலைக்கு வாறியா?"

"நான் பொய் சொன்ன ஆள், அக்கா."

"சொன்னதையும் நீதானே வந்து சொன்னனி."

"குளிர் அறை இப்பவும் எனக்குத் தெரியாது."

"அதுக்கு றிஸ்வான் தம்பி வாறார். நீ வாசலில நிண்டாக் காணும்."

அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. "ஒண்டு கேக்கிறன். நான் வேண்டாம் எண்டு வைச்ச நண்டை நீங்கள் வேணும் எண்டு எடுப்பியளோ?"

"மாட்டன்."

"ஆற்றை நண்டெண்டாலும்?"

"ஆற்றை எண்டாலும்" என்றேன். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை வரிசையில் முதல் ஆள் என் கணவர். அன்றைக்கு அவர்தான் முதலில் கரை சேர்ந்திருந்தார். கூடையை வைத்தார். ஜெசிந்தா ஒவ்வொன்றாகத் தூக்கி அமத்தினாள். ஏழு நண்டை ஒரு பக்கம் வைத்தாள்.

"சூசையண்ணை, இது ரெண்டும் முட்டை. இது அஞ்சும் தண்ணி. எடுக்கேலாது."

சூசை கூடையை விட்டு நிமிர்ந்தார். அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். "பிலோ?"

பின்னால் நின்ற இருபது முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மேசையில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். ஏழே ஏழு நண்டு. விடியக் கடலில் நின்று வலை இழுத்த மனிதர், என் புத்தகத்துக்கு அட்டை கட்டித் தந்த மனிதர். "இண்டைக்கு மட்டும் விடு பிள்ளை" என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜெசிந்தா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை பரீட்சை எழுதுவது யார் என்று எனக்கு விளங்கியது.

வாயை மூடிக்கொண்டேன்.

சூசை ஏழு நண்டையும் பொறுக்கித் தன் வாளிக்குள் போட்டுக்கொண்டு போனார். அவர் தலை மறைய, அடுத்து நின்றவர் தன்னுடைய கூடைக்குள் குனிந்தார். தானே அமத்திப் பார்த்து நாலைந்தை வெளியே எடுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் குனிந்து நின்றது. பெண்களில் யாரோ சிரிக்கத் தொடங்க, எனக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை கொழும்புக்காரர் வந்தார்கள். பெருவிரல் நோகும்வரை அமத்தினார்கள். ஒன்றும் அமுங்கவில்லை. லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது.

நிலையம் இன்றும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. நான் ஓய்வுபெற்றுவிட்டேன். சுழலும் கதிரையில் இப்போது ஜெசிந்தா இருக்கிறாள். (சுழலுவதில்லை.) குளிர் அறை றிஸ்வான் தம்பியின் கையில். யூட் வலசைப் பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியில் இருக்கிறான். எதைக் கேட்டாலும் ஓம் என்பான், அங்கே அதுதான் தகுதி. வந்தவர்களுக்கெல்லாம் அவனைப் பிடித்திருக்கிறதாம். எங்கள் வீட்டில் நான் யாரையாவது நல்ல ஆள் என்று சொல்லிவிட்டால் போதும், சூசை வலையில் இருந்து தலை நிமிராமல், "எத்தினை நிமிசம்?" என்று கேட்பார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார். பெண் வீட்டுக்காரருக்குக் கதை தெரிந்திருந்தது. அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

போன தபசுகாலத்தில் பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு முன்னால் ஜெசிந்தா. தொட்டிக்குப் போகமுன் திரும்பி, "அக்கா, போனை எடுங்கோ, நான் உள்ளுக்குப் போறன்" என்றாள். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டாள்.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டேன்.

"புதுச் சுவாமி என்னோட வாய் குடுக்கேல்ல, அக்கா."

நான் உள்ளே போனேன். வழக்கம்போல விவரமாகச் சொன்னேன். வெளியே வந்தபோது வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையைத் திருப்பி மணிக்கூடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. கோயிலுக்குள் என் கணவர் வாய் திறந்தது அது இரண்டாவது தடவை.

"பத்தொன்பது, பிலோ."

ஜெசிந்தா வாங்கில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள். "பரவாயில்லை அக்கா" என்றாள், "பங்கு பற்றினதே பெரிசு."